ரசீதில் 'ஹபோன்': ஸ்பெயினில் ஜப்பான் எப்படிக் குடும்பப் பெயர் ஆனது?

#1 நாடோடி_செவில்

வணக்கம் மக்களே. நான் செவில் நகரத்துக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் வீட்டில் கெய்சர் மக்கர் பண்ணியது. சரிபார்க்க ஒருவர் வந்தார், அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார், ரசீது எழுதிக் கொடுத்தார். அடியில் அவருடைய முழுப் பெயர். இங்கே எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர் உண்டு. முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. இவருடைய இரண்டாவது பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்பானிய மொழியில் ஜப்பான் நாட்டின் பெயரை எப்படி எழுதுவார்களோ, அதே எழுத்துகள். ஓகாரத்தின் தலைக்கு மேல் போடும் சின்னச் சாய்கோடு உட்பட. 'ஹபோன்' என்று படிக்க வேண்டும்.

ஆள் பார்க்க அசல் ஆண்டலூசியாக்காரர், அதாவது இந்தத் தென் ஸ்பெயின் பகுதிக்காரர். "அம்மா ஜப்பானா?" என்று கேட்டேன். "இல்லை, கொரியா" என்றார். எனக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் விளக்கினார், அது ஊர் பெயராம். கொரியா தெல் ரியோ, அதாவது ஆற்றங்கரைக் கொரியா. செவிலுக்குத் தெற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர், குவாதல்கிவிர் ஆற்றின் கரையில் இருக்கிறது. அந்த ஊரில் இந்தப் பெயர் தெருவுக்குத் தெரு உண்டாம். "நாங்களெல்லாம் சாமுராய் வாரிசு" என்று சொல்லிவிட்டு நாற்பது யூரோவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

யாருக்காவது இது பற்றித் தெரியுமா? நிஜமா, இல்லை ஊர்க் கதையா?

#2 சந்தேகப்பிராணி

நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் ராஜராஜ சோழன் வம்சம் என்பார்கள். அது போலத்தான் இதுவும் இருக்கும். ஸ்பானியர்கள் ஊர் பெயரையும் நாட்டுப் பெயரையும் குடும்பப் பெயராக வைப்பது சகஜம். தொலேதோ, செவில்யா, நவாரோ, அலெமான் (ஜெர்மன்காரன்) என்று வரிசையாகச் சொல்லலாம். ஜப்பானோடு வியாபாரம் பண்ணிய ஏதோ ஒரு மாலுமிக்குப் பட்டப்பெயராக ஒட்டியிருக்கும். அவ்வளவுதான்.

#3 பழைய_ஏடு

நாடோடி தம்பி, உங்கள் கெய்சர்க்காரர் அளந்துவிடவில்லை. கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனால் அடியில் ஒரு கெட்டியான வரலாறு இருக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1613ஆம் ஆண்டு அக்டோபர் 28. ஜப்பானின் வடகிழக்கில், செண்டாய் பகுதியை ஆண்ட தாத்தே மசமுனே என்ற பிரபு ஒரு கப்பலை அனுப்புகிறார். ஐரோப்பிய முறையில், அங்கே இருந்த ஸ்பானியர்களின் உதவியோடு ஜப்பானிலேயே கட்டிய கப்பல். பெயர் சான் ஹுவான் பவுத்திஸ்தா, நம் வழக்கில் சொன்னால் புனித ஸ்நாபக அருளப்பர். ஏறக்குறைய 180 பேர் ஏறினார்கள். பெரும்பாலும் ஜப்பானியர்: சாமுராய்கள், வியாபாரிகள், மாலுமிகள், வேலைக்காரர்கள். தூதர் ஹசெகுரா சுனேநாகா. அவரை வழிநடத்தியவர் லூயிஸ் சொதேலோ என்ற பிரான்சிஸ்கன் துறவி. அவர் செவில்காரர். கதை செவில் பக்கம் வந்து நின்றதற்கு இது ஒரு காரணம்.

நோக்கம் என்ன? அப்போது மெக்சிகோ ஸ்பெயின் கையில். அதனோடு நேரடி வணிகம் வேண்டும், பதிலுக்கு என் நாட்டில் மறைபரப்ப ஆள் அனுப்புங்கள், இதுதான் மசமுனேயின் பேரம். பசிபிக்கைக் கடந்து 1614 ஜனவரி 25 அன்று அகபுல்கோ. மெக்சிகோவைத் தரைவழியாகக் கடந்து மறுபடி கப்பல். அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்பெயினின் தென்கரையில் சான்லூகர் துறைமுகம். அங்கிருந்து ஆற்றின் வழியே மேலே வந்தார்கள். செவில் நகரம் வரவேற்புக்கு ஏற்பாடு செய்யும்வரை அவர்கள் தங்கிய இடம்தான் உங்கள் கொரியா.

1615 ஜனவரி 30 அன்று மாட்ரிட்டில் மன்னர் மூன்றாம் பிலிப்பைப் பார்த்தார்கள். பிப்ரவரி 17 அன்று மன்னர் முன்னிலையில் ஹசெகுராவுக்கு ஞானஸ்நானம். நவம்பரில் ரோமாபுரியில் பாப்பரசர் ஐந்தாம் பவுலைச் சந்தித்தார்கள். ஊர்வலம், விருந்து, ஓவியம் எல்லாம் ஆயிற்று. ஒப்பந்தம் மட்டும் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்றால், இவர்கள் அகபுல்கோவில் இறங்கிய கிட்டத்தட்ட அதே நாட்களில் ஜப்பான் முழுவதையும் ஆண்ட தொக்குகாவா அரசு கிறிஸ்தவத்துக்குத் தடை போட்டுவிட்டது. அந்தச் செய்தி மெல்ல மெல்ல ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தது. 'உங்கள் நாட்டில் பாதிரிமாரை விரட்டுகிறீர்கள், இங்கே வந்து பாதிரிமார் கேட்கிறீர்களா?' என்று அரசவையில் முகம் மாறியது. 1616இல் செவிலுக்குத் திரும்பி வந்தவர்களிடம் கையில் பணம் இல்லை. சீக்கிரம் கிளம்புங்கள் என்று அதிகாரிகள் நெருக்கினார்கள். ஒரு பகுதியினர் முதலில் கிளம்பினார்கள். ஹசெகுரா, மன்னரின் பதில் கடிதம் வரும் என்று செவில் பக்கத்தில் எஸ்பார்த்தினாஸ் என்ற ஊரின் மடத்தில் காத்திருந்து, 1617 ஜூலையில் கிளம்பினார். மணிலாவில் இரண்டு வருடம் தங்கி, 1620இல்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். ஏழு வருடம்! அவர் 1622இல் இறந்தார். சொதேலோ ரகசியமாக ஜப்பானுக்குள் நுழைந்து பிடிபட்டு, 1624இல் உயிரோடு எரிக்கப்பட்டார்.

கிளம்பியவர்களோடு சேராமல் சிலர் பின்தங்கினார்கள். அதே 17ஆம் நூற்றாண்டிலேயே கொரியா வட்டாரத்துத் திருச்சபைப் பதிவேடுகளில் 'ஹபோன்' என்ற பெயர் வரத் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அதுதான் ஊரார் சொல்லும் கதை.

#4 தூத்துக்குடிக்காரி

ஏடு ஐயா, அருமை. ஒரு சின்ன ஒட்டு.

எங்கள் ஊரில் பர்னாந்து, மோத்தா, மிராந்தா என்று பெயர் வைத்திருப்பவர்களைப் பார்த்து, போர்த்துக்கீசியக் கலப்பா என்று வெளியூர்க்காரர்கள் இன்னமும் கேட்பார்கள். கலப்பும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. 1530களில் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கியபோது வந்து ஒட்டிய பெயர்கள் அவை. ஞானத்தந்தை பெயர், கப்பல் தலைவன் பெயர், பாதிரியார் வாயில் வந்த பெயர், இப்படி. அதனால் பெயரை வைத்து ரத்தத்தைக் கணக்குப் போடுகிறவர்களை நான் நம்புவதே இல்லை. ஆனால் கொரியாவில் நடந்தது இதற்குத் தலைகீழ். எங்களுக்கு வெள்ளைக்காரன் பெயர் வந்தது, அவர்களுக்குச் சொந்த நாட்டின் பெயரே பெயராகிவிட்டது. யார் வைத்தது அதை? அவர்களே வைத்துக்கொண்டதா, பதிவேடு எழுதியவர் வைத்ததா?

இன்னொன்று. 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார்தான் 1549இல் ஜப்பானில் போய் இறங்கினார். ஜப்பானில் கிறிஸ்தவம் தொடங்கியது அங்கேதான். அது இல்லாவிட்டால் சொதேலோவும் இல்லை, ஹசெகுராவும் கப்பல் ஏறியிருக்க மாட்டார்.

#5 பழைய_ஏடு

அக்கா, நல்ல முடிச்சு போட்டீர்கள். சவேரியார் பெயரையே எடுத்துக்கொள்வோம், அது நம் கேள்விக்கு நேரடியாக உதவும். அவர் அப்பாவின் குடும்பப் பெயர் ஹாஸ்ஸோ, அம்மா வழிப் பெயர் அஸ்பில்குவேதா. சவேரியார் இரண்டையும் விட்டுவிட்டு, தான் பிறந்த கோட்டையின் பெயரால் அறியப்பட்டார். அந்தப் பெயர் பாஸ்க் மொழிச் சொல்லான 'எச்செபெரி'யிலிருந்து தேய்ந்தது. பொருள், புது வீடு. ஆக, நம் ஊர் சவேரியார்கள் எல்லோரும் 'புதுவீட்டார்'தான்!

அந்தக் காலத்தில் சவேரியார் பெயரின் முதல் எழுத்துக்கு ஸ்பெயினில் 'ஷ' ஒலி. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அது தொண்டைக்குள் இறங்கி, இன்றைய 'ஹ' போன்ற ஒலியானது. இன்று ஸ்பெயினில் அவர் 'ஹவியேர்'. நாமோ போர்த்துக்கீசியர் வாயிலிருந்து கேட்டு எழுதியதால் 'ச'வை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதே மாற்றம்தான் ஜப்பானின் பெயரிலும் நடந்தது. முன்பு 'ஷபோன்', இப்போது 'ஹபோன்'. ஆண்டலூசியாவில் அந்த ஹகாரம் இன்னும் மென்மையாக, மூச்சுக்காற்று மாதிரி வரும். நாடோடி தம்பி கேட்டிருப்பார்.

சொல்லின் வேர் சீனத்தில் இருக்கிறது. 'சூரியன் தோன்றும் இடம்' என்று பொருள் தரும் இரண்டு சீன எழுத்துகள். அதைத் தென்கிழக்காசியத் துறைமுகங்களில் உச்சரித்த விதத்தைப் போர்த்துக்கீசியர் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆக கெய்சர்க்காரரின் அம்மா வீட்டுப் பெயருக்கு அகராதிப் பொருள் 'உதயசூரியன் நாடு'. (தேர்தல் நேரத்தில் நம் ஊர்ப் பக்கம் வரச் சொல்லாதீர்கள்.)

யார் வைத்தது என்ற கேள்விக்கு: கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் முடிந்த பிறகு ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம் இரண்டையும் பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும் என்று ஆனது. எழுத்தர் முன்னால் ஒரு ஜப்பானியன் நிற்கிறான். பெயர் என்ன? பெத்ரோ, ஞானஸ்நானப் பெயர். எந்தப் பெத்ரோ? ஜப்பானிலிருந்து வந்த பெத்ரோ, 'பெத்ரோ தெ ஹபோன்'. ஊரில் ஐம்பது பெத்ரோ இருக்கும்போது இதைவிடத் தெளிவான அடையாளம் எது? நடுவில் இருக்கும் 'தெ' ஒரு தலைமுறையில் உதிர்ந்துவிடும். பெத்ரோ என்பது உதாரணத்துக்காக நான் வைத்த பெயர், பதிவேட்டில் தேடாதீர்கள்.

#6 சந்தேகப்பிராணி

வரலாறு நன்றாகவே இருக்கிறது, கப்பல் வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

ஒன்று. ஹசெகுராவுக்கே ஹபோன் என்று பெயர் வைக்கவில்லை. பெலிப்பே பிரான்சிஸ்கோ என்று ஞானஸ்நானம் கொடுத்து, ஹசெகுராவை 'பாஷெகுரா', 'பாச்சிகுரா' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியென்றால் சாமுராய்க்குச் சொந்தப் பெயரே நின்றிருக்கிறது. ஹபோன் என்று பெயர் வந்தவர்கள் சாமுராய்கள்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இரண்டு. தூதுக்குழு வந்த ஆண்டுகளுக்கும், பதிவேட்டில் அந்தப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் காலத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. இன்னார் கப்பலில் வந்தார், அவர் மகன் இன்னார் என்று ஒருவரையாவது நேராகக் காட்ட முடியுமா? தவிர, போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானியரை அடிமைகளாக வாங்கி விற்றிருக்கிறார்கள். லிஸ்பன் அங்கிருந்து பக்கம்தான்.

மூன்று. இணையத்தில் குடும்பப் பெயர்களை எண்ணிக்காட்டும் தளங்களில் இந்தப் பெயரைத் தேடினால் எக்குவடோர் நாடு வருகிறது. அங்கே லோஹா மாகாணத்தில் சராகுரோ என்ற ஊர், கிச்வா பழங்குடி மக்கள். அவர்களிடையே ஹபோன் என்று பெயர் உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள். கறுப்பு உடை, நீளப் பின்னல், ஆண்டீஸ் மலை. அவர்களும் சாமுராய் வாரிசா?

#7 பழைய_ஏடு

மூன்றாவதுக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே எழுத்து என்பதால் ஒரே வேர் என்று ஆகாது. சராகுரோ பெயருக்கும் கொரியா பெயருக்கும் நான் முடிச்சு போட மாட்டேன். நல்ல எச்சரிக்கை. மற்ற இரண்டுக்கும் நாளை வருகிறேன், ஒரு குறிப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

#8 நெல்லுமூட்டை

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். கொரியா பற்றி ஒரு வீடியோவில், 'அந்த ஊரில் நாற்றங்கால் விட்டு, நாற்றைப் பறித்து வயலில் நடுகிறார்கள், இது ஜப்பானியர் சொல்லிக்கொடுத்தது' என்று ஒருவர் பரவசமாகப் பேசினார். எனக்குச் சிரிப்பு. நாற்று விட்டு நடுவது என்ன ஜப்பான்காரன் காப்புரிமையா? எங்கள் திருவாரூர்ப் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, கேலி போகட்டும், கொஞ்சம் தேடினேன். குவாதல்கிவிர் சதுப்பு நிலத்தில் நெல் பெரிய அளவில் வந்ததே 1930களில்தான். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கிழக்குக் கரை வலென்சியா, தளபதி பிராங்கோவின் எதிரணியிடம் இருந்தது. ஸ்பெயினின் அரிசியில் பெரும்பகுதி அங்கேதான் விளைந்தது. அரிசி கிடைக்காமல் பிராங்கோ தரப்பு இந்தச் சதுப்பை வயலாக்கியது. பிறகு வலென்சியா விவசாயிகள் குடும்பம் குடும்பமாக இங்கே குடியேறினார்கள். அவர்கள் ஊரிலும் நாற்று நடவு பழைய வழக்கம். ஆகவே 1614இல் வந்த ஹசெகுராவின் ஆட்கள் நடவு சொல்லிக்கொடுத்து அது முந்நூறு வருடம் வயலே இல்லாமல் காத்திருந்தது என்பது ஏற்கிற மாதிரி இல்லை.

#9 மழலை_அம்மா

நானும் ஒரு வீடியோ பார்த்தேன். அங்கே பிறக்கும் சில குழந்தைகளுக்கு இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு இருக்கிறதாம், 'மங்கோலியத் தழும்பு', அதனால் ஆசிய ரத்தமாம். என் பையனுக்கும் பிறந்தபோது அதே இடத்தில் ஊதா மை கொட்டின மாதிரி இருந்தது. மாமியார் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஒரே களேபரம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருக்கும், இரண்டு மூன்று வயதில் மங்கிவிடும் என்றார். மங்கிவிட்டது. மத்தியதரைக் கடல் பக்கத்துக் குழந்தைகளுக்கும் ஓரளவு வருமாம். அதை வைத்து சாமுராய் தேடினால் என் பையனுக்கும் ஒரு வாள் வாங்கித் தர வேண்டும்.

#10 கணக்குப்பிள்ளை

கொஞ்சம் எண் பேசலாமா?

ஸ்பெயின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் தளத்தில் எந்தக் குடும்பப் பெயரையும் தட்டிப் பார்க்கலாம். முதல் பெயராக எத்தனை பேர், இரண்டாம் பெயராக எத்தனை பேர், இரண்டுமே அதுவாக எத்தனை பேர் என்று தனித்தனியாக வரும். 20 பேருக்குக் குறைந்தால் காட்டாது. கார்சியா என்று தட்டினால் முதல் பெயராக மட்டும் பதினான்கு லட்சத்துக்கு மேல். ஹபோன் என்று தட்டிவிட்டு மாகாணவாரிப் படத்தைப் பாருங்கள். செவில் மாகாணம் அடர்த்தியாக இருக்கும், மற்ற இடங்கள் வெளிறிப் போயிருக்கும். கொரியாவில் மட்டும் அறுநூறு எழுநூறு பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஊர் மக்கள் தொகை ஏறக்குறைய 30,000. ஐம்பதில் ஒருவர் என்று வையுங்கள். நாட்டளவில் அபூர்வம், ஊரளவில் சாதாரணம். ஒரே இடத்திலிருந்து கிளம்பி, அதிகம் நகராத பெயருக்கு இதுதான் கைரேகை. வேறு வேறு இடங்களில் பட்டப்பெயராக ஒட்டியிருந்தால் நாடெங்கும் சிதறிக் கிடக்கும்.

சந்தேகப்பிராணிக்கு ஒன்று சொல்கிறேன்: பெயர் ஓரிடத்தில் இப்படிக் குவிந்திருப்பது ஊரார் கதைக்குச் சாதகம்.

ஆனால் ரத்தம் வேறு கணக்கு. 1617இலிருந்து இன்றுவரை சுமார் 14 தலைமுறை. 14 தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 16,384 முன்னோர் இடங்கள் இருக்கும் (நிஜத்தில் ஒரே ஆள் பல இடங்களில் வருவார், சின்ன ஊர் அல்லவா). அதில் ஓர் இடத்தில் ஜப்பானியர் இருந்தார் என்றால் உடலில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். முகத்தில் தேடுவது வீண். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம்தான் மாறாமல் வந்திருக்க முடியும். 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே இந்தப் பெயர் உள்ளவர்களிடம் டிஎன்ஏ மாதிரி எடுக்க வந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

அதிலும் ஒரு சிக்கல். ஸ்பெயினில் அப்பா பெயர் ஒன்று, அம்மா பெயர் ஒன்று என்ற இன்றைய முறை சட்டமாக உறுதியானது 19ஆம் நூற்றாண்டில், குடிமைப் பதிவு வந்த பிறகு. அதற்கு முன் பிள்ளைகள் அம்மா வழிப் பெயரையோ பாட்டி பெயரையோ எடுத்துக்கொள்வது சர்வ சாதாரணம். 1700இல் ஒரு ஹபோன் பெண்ணின் மகன் அம்மா பெயரை எடுத்திருந்தால், அவனோடு பெயர் தொடரும், ஒய் குரோமோசோம் அறுந்துவிடும். ஆகவே டிஎன்ஏ 'இல்லை' என்று சொன்னாலும் கதை பொய் ஆகிவிடாது.

#11 நாடோடி_செவில்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் சனிக்கிழமை பஸ் பிடித்து கொரியாவுக்கே போய்விட்டேன்.

வெள்ளையடித்த வீடுகள், ஆற்றைக் கடக்க இன்னமும் ஒரு படகு, கார்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது. ஆற்றங்கரைப் பூங்காவில் ஹசெகுராவின் வெண்கலச் சிலை, இடுப்பில் வாளோடு. பக்கத்தில் 2013 ஜூனில் அப்போதைய பட்டத்து இளவரசர் நருஹித்தோ நட்ட செர்ரி மரம். இப்போது அவர்தான் அங்கே சக்கரவர்த்தி. ஆண்டலூசிய வெயிலில் செர்ரி மரம் பாவம், பழகிக்கொள்ள முயற்சி செய்துகொண்டிருந்தது.

நான் போனது சிலையைப் பார்க்க இல்லை, கதவு மணிகளைப் பார்க்க. அடுக்குமாடி வாசல்களில் அஞ்சல் பெட்டி வரிசை இருக்கும் இல்லையா, அதில் கையெழுத்தில் ஒட்டிய சீட்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். மூன்றாவது வாசலில் ஒன்று கிடைத்தது. ஐந்தாவதில் இரண்டு. ஒரு சீட்டில் 'ஹபோன் ஹபோன்' என்று இரண்டு தடவை. முதலில் யாரோ தவறுதலாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன், அப்புறம் உறைத்தது: அப்பா வீடும் அம்மா வீடும் அதே பெயர். ஜப்பான் ஜப்பான்!

மதியம் ஒரு சின்னக் கடையில் ஆற்று மீன் பொரியல். இங்கே அல்பூர் என்கிறார்கள், நம் மடவை இனம்தான். வாடை கொஞ்சம் தூக்கல், மிளகாய்த்தூள் இருந்திருந்தால் தேவலை. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கும் அதே பெயர். "சின்ன வயதில் இந்தப் பெயருக்காகப் பள்ளிக்கூடத்தில் கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்வார்கள், எங்களுக்கு ஏன் என்றே தெரியாது, பெயர் அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் ஜப்பானியர்கள் கேமராவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், அப்புறம்தான் நாங்கள் சாமுராய் ஆனோம்" என்றார். இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

#12 பந்தடி

இடையில் ஒரு சின்னத் தகவல். 1980, 90களின் ஸ்பானிய லீக் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஹோசே ஹபோன் செவில்யா என்று ஒரு நடுவர். அப்பா வழியில் ஜப்பான், அம்மா வழியில் செவில். விசிலோடு நடக்கும் உலக வரைபடம். ஆண்டலூசிய அரசில் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஹுவான் மனுவேல் சுவாரெஸ் ஹபோன் அதே ஊர்க்காரர்தான், அவருக்கு அம்மா வழி.

#13 பழைய_ஏடு

வந்துவிட்டேன். சந்தேகப்பிராணியின் முதல் இரண்டு ஓட்டைகளுக்கு வருகிறேன். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பதில்.

தூதுக்குழுவில் வந்த ஒரு வேலைக்காரர், ஞானஸ்நானப் பெயர் தோமாஸ் பெலிப்பே. ஆவணத்தில் அவர் பெயர் எப்படி இருக்கிறது தெரியுமா? தோமாஸ் பெலிப்பே ஹபோன். ஹசெகுரா ஊர் திரும்பியபோது இவர் ஸ்பெயினிலேயே தங்கிவிட்டார். எக்ஸ்த்ரெமதூரா பகுதியில் சாப்ரா என்ற ஊரில் ஒரு பெரிய மனிதரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கூலி கேட்டிருக்கிறார். முதலாளி கூலி தரவில்லை, அடிமை என்று முகத்தில் சூடு போட்டுவிட்டார். தோமாஸ் எப்படியோ அங்கிருந்து விடுபட்டு, 1622இல் மன்னரிடம் மனு கொடுத்தார்: நான் சுதந்திர மனிதன், மெக்சிகோ வழியாக என் நாட்டுக்குப் போக அனுமதி தாருங்கள் என்று. செவில் ஆவணக் காப்பகங்களைக் குடைந்து ஹுவான் ஹில் என்ற ஸ்பானிய அறிஞர் வெளிக்கொணர்ந்த கதைகளில் இதுவும் ஒன்று.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சில நாள் மனசே சரியில்லை. மாட்ரிட்டில் மன்னர் பார்க்கத் தூதருக்கு ஞானஸ்நானம் நடந்து ஏழு வருடம்தான் ஆகிறது. அதே கூட்டத்தில் வந்த ஒருவன் கன்னத்தில் சூட்டோடு மனு எழுத ஆள் தேடிக்கொண்டு நிற்கிறான்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். சந்தேகப்பிராணி சொன்னது சரிதான். தூதருக்குக் குலப்பெயர் இருந்தது, அதை எழுத்தர் கஷ்டப்பட்டாவது 'பாஷெகுரா' என்று எழுதினார். (அந்தத் தப்பிலும் ஓர் உண்மை உண்டு. அக்கால ஜப்பானிய உச்சரிப்பில் அந்த ஹகாரம் உதடுகளுக்கு நடுவே ஊதுகிற ஒலிதான், எழுத்தர் காது நல்ல காது.) வேலைக்காரனுக்கும் மாலுமிக்கும் குலப்பெயர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அன்றைய ஜப்பானில் சாதாரண ஜனங்கள் குலப்பெயர் சொல்லிக்கொள்ளும் உரிமை சுருங்கிக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்டவனுக்கு நாட்டின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டியது. மெக்சிகோவின் குவாதலஹாராவில் அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஜப்பானியர்கள் லூயிஸ் தெ என்சியோ, ஹுவான் தெ பாயஸ் என்று ஸ்பானியப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். வியாபாரத்தில் வசதியாக வாழ்ந்தார்கள். பாயஸ் பேராலயத்தின் நிதியையே நிர்வகித்தார். வசதி வந்தவன் ஊரோடு ஒத்த பெயருக்கு மாறிவிட்டான்.

ஆக என் முடிவு: கொரியாவின் ஹபோன்கள் அந்தக் கப்பலில் வந்தவர்களின் பெயரைத்தான் சுமக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் அது சாமுராயின் பெயர் இல்லை. சாமுராயின் செருப்பைத் தூக்கி வந்தவனின் பெயர். பாய்மரம் இழுத்தவனின் பெயர். சுற்றுலாப் பலகையில் இப்படி எழுத மாட்டார்கள், அது வேறு விஷயம்.

அடிமை வியாபாரம் வழியாக முன்பே வந்த யாராவது ஒருவரின் பெயராகவும் இருக்கலாம் என்பதை நான் தள்ளிவிடவில்லை. அப்படியே இருந்தாலும் என் பேச்சு மாறாது.

#14 சந்தேகப்பிராணி

ஏற்கிறேன். சாமுராய் என்ற சொல்லை எடுத்துவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தோமாஸ் கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தாரா?

#15 பழைய_ஏடு

மனுவோடு என் குறிப்பு நிற்கிறது தம்பி. சேர்ந்திருந்தாலும் அங்கே நிம்மதி இருந்திருக்காது. அந்த வருடங்களில் ஜப்பானில் கிறிஸ்தவன் என்று தெரிந்தால் உயிர் மிஞ்சாது.

#16 தூத்துக்குடிக்காரி

ஞானஸ்நானம் வாங்கினவன் அங்கே போனால் சாவு, இங்கே இருந்தால் சூடு. கொரியாவில் ஆற்றோரமாக ஒரு மீனவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அமைதியாக இருந்துவிடலாம் என்று நாலு பேர் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? எங்கள் ஊர் ஆண்கள்கூட அதைத்தான் செய்திருப்பார்கள்.

#17 பந்தடி

அடுத்து 'கபேஸா தெ வாகா' என்ற பெயரை எடுக்கலாமா? 'பசுவின் தலை' என்று அர்த்தம். பசு மண்டையோட்டை நட்டு ரகசியக் கணவாயைக் காட்டிய இடையனுக்கு ராஜா கொடுத்த பெயர் என்று ஒரு கதை ஓடுகிறது.

#18 பழைய_ஏடு

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். அந்தக் கதையில் ஓட்டை இதைவிடப் பெரிசு.

#19 நாடோடி_செவில்

கெய்சர் மறுபடி சொட்டுகிறது. அவருக்கே போன் போட்டேன், வியாழக்கிழமை வருகிறேன் என்றார். தோமாஸ் பெலிப்பே கதையைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வேலையை முடிக்கட்டும்.